காத்மாண்டுவில் இன்ஜினியர், சிட்னியில் க்ளீனர்: இவர்களுடைய படிப்பு தேறுமா?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கிச் சொல்கிறேன். சிட்னி ராக்டேலில் ஒரு நேபாளத் தம்பதியோடு வீட்டைப் பகிர்ந்துகொண்டு இருக்கிறீர்கள். மனைவி காத்மாண்டுவில் எம்.பி.ஏ. முடித்து வங்கியில் அதிகாரியாக இருந்தவர். கணவர் சாலைத் திட்டங்களில் வேலை பார்த்த சிவில் இன்ஜினியர். இப்போது அவர் இரவில் அலுவலகங்களைச் சுத்தம் செய்கிறார். அந்த அம்மா அக்கவுண்டிங்கில் மாஸ்டர்ஸ் படித்துக்கொண்டே வார இறுதியில் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறார். இவ்வளவு படித்தவர்கள் ஏன் இப்படிக் கஷ்டப்பட வேண்டும், இத்தனை வேலைக்கு நடுவே படிப்பு ஏறுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இது இரண்டு மூன்று வருஷத்துப் பாடுதானா, அல்லது தெரியாமல் ஏதோ பொறியில் மாட்டிக்கொண்டார்களா என்பதுதான் உங்கள் கவலை என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

நான் இங்கே ஓர் உயர்கல்வி நிறுவனத்தில் வெளிநாட்டு மாணவர்களுக்குப் படிப்பு தொடர்பான உதவி செய்யும் பிரிவில் பல வருஷங்களாக இருக்கிறேன். என் மேஜைக்கு எதிரே உட்காருகிறவர்களில் நேபாளிகள் ஏராளம். அதனால் படிப்பு எங்கே இடறுகிறது என்பதை நேரில் பார்த்ததிலிருந்து சொல்ல முடியும். விசா விஷயத்தில் பொது விதிகளை மட்டும்தான் சொல்வேன். ஆஸ்திரேலியாவில் பதிவு பெற்ற மைக்ரேஷன் ஏஜென்ட்டோ வழக்கறிஞரோ தவிர பொதுவாக வேறு யாரும் தனி ஒருவருடைய விசாவுக்கு ஆலோசனை சொல்லச் சட்டம் இடம் தருவதில்லை. இன்னொன்றையும் மனதில் வையுங்கள்: எங்களிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் சிக்கலில் இருப்பவர்கள். சத்தமில்லாமல் படித்து முடித்துப் போகிறவர்கள் எங்கள் கண்ணில் படுவதில்லை. அதனால் என் பார்வை கொஞ்சம் இருட்டுப் பக்கம் சாய்ந்திருக்கலாம்.

முதலில் ஏன் வருகிறார்கள் என்பது. 2016 கணக்கெடுப்பில் ஆஸ்திரேலியாவில் நேபாளத்தில் பிறந்தவர்கள் 55,000-ஐ ஒட்டி இருந்தார்கள். 2021-இல் 1,22,000-ஐத் தாண்டிவிட்டார்கள். வெளிநாட்டு மாணவர் எண்ணிக்கையில் சீனா, இந்தியாவுக்கு அடுத்த இடம் நேபாளத்துக்கு. வெளிநாட்டில் படிக்கப் போகிறவர்கள் அந்த நாட்டுக் கல்வி அமைச்சிடம் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கினால்தான் வங்கி மூலம் கட்டணத்தை டாலராக அனுப்ப முடியும். அந்தச் சான்று சமீப ஆண்டுகளில் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் போகிறது. மக்கள்தொகை மூன்று கோடியை ஒட்டிய ஒரு நாட்டுக்கு இது சின்ன எண்ணிக்கை இல்லை. காத்மாண்டு புதலிசடக், பாக்பஜார் பக்கம் போனால் கட்டடம் கட்டடமாகக் கன்சல்டன்சி போர்டுகள்தான். பட்டம் வாங்கியும் உள்ளூரில் ஏற்ற வேலை குறைவு. அரசு வேலைக்கு லோக் சேவா ஆயோக் தேர்வில் கூட்டமோ கூட்டம். திரிபுவன் பல்கலைக்கழகத் தேர்வு முடிவு தாமதமாகி வருஷம் வீணாவது அங்கே வீட்டுக்கு வீடு புலம்பல். கல்ஃபுக்கும் மலேசியாவுக்கும் கூலி வேலைக்குப் போவது கிராமத்து இளைஞர்களின் வழியாக இருக்கிறது. படித்த நடுத்தர வர்க்கத்துக்கு அதே வெளியேற்றம் 'படிப்பு' என்ற பெயரில் நடக்கிறது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. படிக்கவும் வருகிறார்கள், தங்கவும் வருகிறார்கள். இரண்டும் ஒருசேர உண்மை.

இப்போது கணக்குக்கு வருவோம், ஏனென்றால் எல்லாம் இதில்தான் இருக்கிறது. மாணவர் விசாவில் படிப்பு நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை செய்யலாம். 2023 ஜூலையிலிருந்து இதுதான் விதி. விடுமுறையில் வரம்பு இல்லை. 2025 ஜூலையிலிருந்து தேசியக் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 24.95 டாலர். கேஷுவல் வேலையென்றால், அதாவது சம்பளத்தோடு விடுப்பு இல்லாத தற்காலிக வேலையென்றால், 25 சதவீதம் சேர்ந்து 31 டாலர் சொச்சம். வாரத்துக்கு 24 மணி நேரம், விடுமுறையில் முழுநேரம் என்று ஒரு வாரம்கூட ஓய்வில்லாமல் ஆண்டு முழுக்க உழைத்தால் வரி போகக் கிட்டத்தட்ட 40,000 டாலர் கைக்கு வரும். விசாவுக்குக் காட்டச் சொல்லி அரசே நிர்ணயித்திருக்கும் ஓராண்டு வாழ்க்கைச் செலவு 29,710 டாலர். சிட்னி வாடகைக்கு அது போதாது என்று உங்களுக்கே தெரியும். மீதி பத்தாயிரம். பல பல்கலைக்கழகங்களில் மாஸ்டர்ஸ் கட்டணம் ஆண்டுக்கு 30,000-க்கும் மேல். ஆக, சட்டத்துக்கு உட்பட்டு ஒருவர் எவ்வளவு உழைத்தாலும் சாப்பாடும் வாடகையும்தான் ஓடும், கட்டணம் ஓடாது. "அங்கே போய் வேலை செய்து ஃபீஸ் கட்டிக்கொள்ளலாம்" என்று எந்தக் கன்சல்டன்சி சொன்னாலும், தனி ஆளைப் பொறுத்தவரை அது பொய்க் கணக்கு. இதை நான் சந்தேகமில்லாமல் சொல்வேன்.

பற்றாக்குறையை எதை வைத்து அடைக்கிறார்கள்? ஊரில் அப்பாவின் வீட்டையோ நிலத்தையோ வைத்து எடுத்த கடன் ஒன்று. இன்னொன்று, கல்யாணம். மாஸ்டர்ஸ் அல்லது பிஎச்.டி. படிப்பவரின் கணவனோ மனைவியோ, படிப்பு தொடங்கிய பிறகு மணிக்கணக்கு வரம்பே இல்லாமல் வேலை செய்யலாம். இளநிலைப் பட்டம் படிப்பவரின் துணைக்கு இந்தச் சலுகை கிடையாது. அவருக்கும் அதே 48 மணி நேரம்தான். அதனால் நேபாளத்தில் 'டிபென்டன்ட்' என்பது கல்யாணப் பேச்சிலேயே புழங்கும் சொல்லாகிவிட்டது. பெண் படிப்பாள், மாப்பிள்ளை கூடப் போய் வேலை செய்வான், அல்லது மாற்றி. நீங்கள் பார்க்கும் தம்பதிக்கு இந்தக் கணக்கு நேராகிறது. அவர் முழுநேரம், அந்த அம்மா 24 மணி நேரம் என்றால் வரி போக இருவருமாக 85,000 டாலருக்குப் பக்கத்தில் கொண்டுவர முடியும். இருவர் செலவுக்கு அரசு வைத்திருக்கும் அளவு 40,000 சொச்சம். கட்டணத்துக்கு இடம் இருக்கிறது. இருவராக வந்தவர்கள் தாக்குப்பிடிப்பதையும், கடனோடு தனியாக வந்தவர்கள் இரண்டாவது செமஸ்டரிலேயே ஆடிப்போவதையும் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

வேலையைப் பற்றி. உங்கள் கேள்வியில் ஒரு பரிதாபம் தெரிகிறது. அவர்களில் பலர் அதை விரும்புவதில்லை. முன்னாள் வங்கிக்காரர் ஒருவர் எனக்கு க்ளீனிங் துணிகளின் நிறங்களை ஆடிட் விளக்குவதுபோல் விளக்கினார். சிவப்பு கழிவறைக்கு, பச்சை சமையலறைக்கு, நீலம் மேஜை நாற்காலிக்கு. சிவப்பு வாளிக்குள் நீலத் துணி போய்விட்டால் அந்தத் துணியைத் தூக்கி எறிய வேண்டும். முதுகில் மாட்டும் வேக்குவத்தைப் போட்டுக்கொண்டு ஒரு மாடியை எத்தனை நிமிஷத்தில் முடிக்க முடியும், எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் தாமதமாக வரும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அவரை வருத்தியது வேலை அல்ல. வீட்டில் கேட்டால் "ஒரு கம்பெனியில் இருக்கிறேன்" என்று மட்டும் சொல்ல வேண்டியிருப்பதுதான். கழிவறை கழுவுவதைச் சில சாதிகள் தலையில் மட்டும் கட்டிவைத்த சமூகம் அது. சாதிப் பாகுபாட்டுக்கு 1963-லேயே சட்டத்தில் இடமில்லாமல் போனாலும் மனசிலிருந்து போகவில்லை. அந்த ஊரிலிருந்து வந்த பாவுன், அதாவது பார்ப்பனக் குடும்பத்துப் பிள்ளை, ஸ்ட்ராத்ஃபீல்டில் கழிவறை தேய்த்துக் கடன் கட்டுகிறான் என்று ஊரில் தெரிந்தால் அப்பா என்ன சொல்வார் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

முதியோர் இல்ல வேலை கொஞ்சம் வேறு வகை. பெரும்பாலும் செர்டிஃபிகேட் த்ரீ என்ற தொழிற்பயிற்சிப் படிப்பை முடித்துவிட்டுத்தான் போவார்கள். உடம்பு வலிக்கும். ஆனால் சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாள்களில் ஊதியம் கூடுதல். இரண்டு வாரத்தில் 48 மணி நேரம்தான் கையில் இருக்கிறது என்றால் அதை அதிக விலைக்கு விற்பதுதான் புத்திசாலித்தனம். உங்கள் வீட்டு அம்மா வார இறுதியைத் தேர்ந்தெடுத்திருப்பது வேறு வழியில்லாமல் என்று நினைக்காதீர்கள். வங்கியில் இருந்தவர், கணக்குப் போட்டுத்தான் செய்திருப்பார்.

சரி, படிப்பு ஏறுமா? ஏறும், ஆனால் மணி நேரத்தைவிட அந்த மணி நேரம் நாளின் எந்த வேளையில் விழுகிறது என்பதுதான் ஆளைக் கவிழ்க்கிறது. காலை நாலு மணிக்கு ஷிஃப்ட் ஆரம்பித்து ஒன்பது மணிக்கு வகுப்புக்கு வருகிறவர் கண் திறந்திருக்கும், தலை வேலை செய்யாது. மாலை ஆறிலிருந்து பத்து வரை வேலை செய்கிறவர்கள் அதே மணிக்கணக்கில் நன்றாகவே தேறுகிறார்கள். இது நான் பார்த்த வரையில் மட்டும். ஆராய்ச்சி முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அப்புறம், ஊரில் முதுகலை முடித்தவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. பாடம் தெரியும். ஆனால் அங்கே மூன்று மணி நேரத் தேர்வில் முழு விடையையும் எழுதித் தள்ளி மதிப்பெண் வாங்கியவர்கள். இங்கே வாரா வாரம் அசைன்மெண்ட், குழு வேலை, யார் சொன்ன கருத்து எந்த வரியில் என்று மேற்கோள் காட்ட வேண்டும். முதல் செமஸ்டரில் "எனக்குத் தெரிந்ததைத்தானே எழுதினேன், ஏன் காப்பி என்கிறார்கள்" என்று கலங்கி வருவார்கள். இரண்டு மூன்று முறை உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் பிடித்துக்கொள்வார்கள். படித்த ஆள் என்பதன் பலன் அங்கே தெரியும்.

தோல்வி வருவது பெரும்பாலும் மின்னஞ்சலில். ஒரு மாணவர் தொடர்ந்து இரண்டு பருவங்களில் பாதிக்கு மேல் பாடங்களில் தோற்றால், நிறுவனம் அவரைக் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்கப் போகிறோம் என்று முன்னறிவிப்பு அனுப்பும். உள்ளே மேல்முறையீடு செய்ய 20 வேலை நாள் உண்டு. அந்தக் கடிதம் கல்லூரி மின்னஞ்சலுக்குத்தான் போகும். இரவு முழுக்க வேலை செய்கிறவர் வாட்ஸ்அப் பார்ப்பார், கல்லூரி மின்னஞ்சலைத் திறக்கமாட்டார். கெடு முடிந்து மறுநாள் வந்து நிற்பார். அதேபோல் சென்சஸ் தேதி என்று ஒன்று இருக்கிறது. அதற்குள் ஒரு பாடத்தை விட்டுவிட்டால் பொதுவாக அதற்குக் கட்டணமும் இல்லை, தோல்வியும் பதிவாகாது. விசா முடிவதற்குள் படிப்பை முடிக்க முடியுமா என்று பார்த்துத்தான் விட வேண்டும், அது தனி. ஆனாலும் தோற்பதற்கு முன்பே வந்து கேட்டால் நாங்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. தோற்ற பிறகு மிகக் கொஞ்சம்.

நேரம் இல்லாதபோது அசைன்மெண்டைக் காசு கொடுத்து எழுதி வாங்கும் ஆசை வரும். அதை விற்பதும் விளம்பரம் செய்வதும் 2020-இல் வந்த சட்டப்படி குற்றம். வாங்கியவர் பிடிபட்டால் படிப்பு போகும். பிடிபடாவிட்டாலும் தொல்லை தீராது. எழுதிக் கொடுத்தவனே பின்னால் "கல்லூரிக்குச் சொல்லிவிடுவேன்" என்று பணம் பறிப்பது நடக்கிறது.

இன்னொரு ஆசை, 48-ஐத் தாண்டுவது. ரொக்கமாகக் கொடுக்கிறேன், கணக்கில் வராது என்று சொல்லும் முதலாளி சட்டக் குறைந்தபட்சத்துக்கு வெகு கீழேதான் கொடுப்பார். மாணவர் புகார் செய்ய முடியாது என்ற தைரியம். மணி வரம்பு விசாவின் 8105 என்ற நிபந்தனை, அதை மீறினால் விசா ரத்தாகலாம், இது உறுதி. ஆனால் மீறியவர் புகாரே செய்யக் கூடாது என்பது முதலாளிகள் கிளப்பிவிட்ட நம்பிக்கை. 2015-இல் செவன்-இலெவன் கடைகளில் மாணவர்கள் பாதிச் சம்பளத்துக்கு வேலை செய்தது வெளியே வந்தபோது இதே மிரட்டல்தான் அவர்களைக் கட்டிப்போட்டிருந்தது. 2024 ஜூலையிலிருந்து, விசாவைக் காட்டி மிரட்டி வேலை வாங்குவதே முதலாளிக்குக் குற்றம். ஊதியச் சுரண்டலைப் புகார் செய்கிறவருக்கு விசா ரத்திலிருந்து பாதுகாப்புக் கிடைக்கவும் வழி செய்திருக்கிறார்கள், சில நிபந்தனைகளோடு. ஊதியப் புகார்களைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஃபேர் வொர்க் ஆம்புட்ஸ்மனிடம் பெயர் சொல்லாமலும் தகவல் கொடுக்கலாம். நல்ல வேலையா என்று பார்க்க எளிய வழி: பே-ஸ்லிப் வருகிறதா, அதில் சூப்பர், அதாவது முதலாளி கட்டும் ஓய்வூதியச் சேமிப்பு, 12 சதவீதம் இருக்கிறதா, ஏ.பி.என். (சொந்தத் தொழில் செய்வோருக்கான பதிவு எண்) எடுத்துக்கொண்டு வா என்று சொல்லாமல் இருக்கிறார்களா. ஏ.பி.என். கேட்டால் உங்களை ஊழியர் என்று கணக்கில் காட்டாமல் தனி ஒப்பந்தக்காரர் ஆக்குகிறார்கள் என்று பொருள்.

பொறி உண்டா என்ற கேள்விக்கு இப்போது வருகிறேன். உண்டு. ஆனால் அதில் மாட்டுவது அநேகமாகப் படிக்கிறவர் இல்லை, கூட வந்தவர். படிக்கிறவருக்கு ஒரு தேதியும் ஒரு பட்டமும் இருக்கிறது. அந்த இன்ஜினியருக்கு எதுவும் இல்லை. முதல் வருஷம் கட்டணத்துக்காக, இரண்டாம் வருஷம் கடனுக்காக, அப்புறம் மனைவி வேலையில் நிலைக்கட்டும் என்று க்ளீனிங்கிலேயே ஐந்தாறு வருஷம் ஓடிவிடும். நிரந்தர விசாவுக்கான புள்ளிக் கணக்கில் வெளிநாட்டு வேலை அனுபவத்துக்குப் புள்ளி உண்டு. விண்ணப்பத்துக்கு அழைப்பு வருவதற்கு முந்தைய பத்து வருஷத்துக்குள் செய்திருக்க வேண்டும். வயதுக்கு அதிகப் புள்ளி 25-லிருந்து 32 வரை. அவர் மோப் பிடிக்கும் ஒவ்வொரு வருஷமும் இந்த இரண்டும் கரைகின்றன. இதைச் சொல்ல யாரும் இருப்பதில்லை, ஏனென்றால் டிபென்டன்ட் எந்தக் கல்லூரியின் மாணவரும் இல்லை, எங்கள் அலுவலகத்துக்கும் வரமாட்டார்.

அவர் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. தன் நேபாளப் பட்டத்தையும் அனுபவத்தையும் இன்ஜினியர்ஸ் ஆஸ்திரேலியாவிடம் மதிப்பீட்டுக்கு அனுப்பலாம். இங்கே எதுவும் படித்திருக்க வேண்டியதில்லை. சி.டி.ஆர். என்று சொல்வார்கள்; செய்த மூன்று வேலைகளைப் பற்றித் தானே எழுதும் மூன்று கட்டுரைகள் அதில் முக்கியம், கூடவே ஆங்கிலத் தேர்வு. அவற்றை விலைக்கு வாங்கி அனுப்பிப் பிடிபட்டால் தடை வரும், அதனால் தானே எழுத வேண்டும். இது அவர் ஒருவருக்கு மட்டும் பயன்படுவதும் இல்லை. இன்றைய விதிப்படி, மனைவி முதன்மை விண்ணப்பதாரராக இருந்தாலும் துணையின் தொழில்தகுதி மதிப்பிடப்பட்டிருந்தால், தொழில் பட்டியல், வயது, ஆங்கில நிபந்தனைகளும் சரியாக இருந்தால், மனைவிக்கு 10 புள்ளி கூடும். நானாக இருந்தால் இன்னொன்றும் யோசிப்பேன்: முதன்மை விண்ணப்பதாரர் அவராகவே இருக்கக் கூடாதா? அக்கவுண்டண்ட்டுகளுக்கு அழைப்பு வரும் புள்ளி, குறைந்தபட்சமான 65-ஐவிட வெகு மேலே நிற்கிறது. அவ்வளவு நெரிசல். சிவில் இன்ஜினியருக்கு நிலைமை அதைவிடப் பரவாயில்லை என்பது என் கருத்து. இதை ஏஜென்ட்டிடம் அவர்கள் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

மனைவி பக்கம் பார்க்க வேண்டியது வயது. படித்து முடித்தபின் வேலை செய்யத் தரும் 485 விசாவுக்கு 2024 ஜூலையிலிருந்து வயது வரம்பு 35. முன்பு 50 வரை இருந்தது. ஆராய்ச்சி மாஸ்டர்ஸும் பிஎச்.டி.யும் முடிப்பவர்களுக்கு விலக்கு உண்டு. சில வருஷம் வேலை பார்த்துவிட்டு 33, 34 வயதில் இரண்டு வருஷப் படிப்புக்கு வரும் நேபாளிகளுக்கு இது தலையில் விழுந்த கல். படிப்பு முடியும்போது 36 என்றால் அந்த வழி மூடியாயிற்று. பழைய விதியை நம்பிக் கடன் வாங்கி வந்தவர்கள் பலர் நடுவில் மாட்டினார்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க நர்ஸ்களைச் சொல்லலாம். நேபாளத்தில் பி.எஸ்சி. நர்சிங் முடித்துப் பதிவு பெற்றவர்கள் பலருக்கு, முழுப் பட்டம் மறுபடி படிக்காமல், என்க்ளெக்ஸ் என்ற கணினித் தேர்வும் ஒரு செய்முறைத் தேர்வும் எழுதிப் பதிவு வாங்கும் வழி இருக்கிறது. பட்டத்துக்குக் கீழ்நிலையான மூன்று வருஷ பி.சி.எல். நர்சிங் மட்டும் முடித்தவர்கள் பொதுவாக மேலே படித்துத்தான் ஆக வேண்டும். முதல் வகையில் வர வேண்டியவர்கள்கூட, யாரும் சொல்லாததால், புதிதாக ஒரு பட்டத்துக்குக் கட்டணம் கட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். பழைய பட்டத்தை ஒரு முறை மதிப்பிட்டுப் பார்க்காமலே அதைவிடத் தாழ்ந்த படிப்பில் சேர்ந்துவிடுவதுதான் படித்த நேபாளிகள் இங்கே செய்யும் மிகப் பெரிய செலவு என்பேன்.

நீங்கள் ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன், ஒரே வீட்டில் இருக்கிறீர்கள். "தாஜு" என்று நீங்கள் கூப்பிடும் அந்த அண்ணனிடம் சி.டி.ஆர். ஆரம்பித்தாரா என்று கேளுங்கள். ஆரம்பிக்கவில்லை என்றால், முதல் கட்டுரைக்கு எந்தச் சாலை என்று கேளுங்கள். பேசத் தொடங்கினால் எழுத்து தானாக வரும், ஆங்கிலத்தை நீங்கள் படித்துப் பார்த்துக் கொடுக்கலாம். அதோடு, கட்டுமான இடங்களுக்குள் போக வேண்டிய ஒயிட் கார்டு ஒரு நாள் பயிற்சியில் கிடைத்துவிடும். அது கையில் இருந்தால் மண்ணும் கான்கிரீட்டும் சோதிக்கும் லேப்களில் டெக்னீஷியன் வேலைக்கு விண்ணப்பிக்கலாம். சம்பளம் க்ளீனிங்கைவிடப் பெரிதாக இருக்காது, சில சமயம் குறைவாகக்கூட இருக்கும். அதனால்தான் பலர் தயங்குகிறார்கள். ஆனால் ரெஸ்யூமேயில் அவருடைய துறைப் பெயர் மறுபடி வரும். இந்த செமஸ்டர் கட்டணத் தவணை முடிந்த வாரமாகப் பார்த்துப் பேச்சை எடுங்கள். அதற்கு முந்தைய வாரத்தில் யாரும் எதையும் காதில் வாங்கமாட்டார்கள்.